இரண்டு பேருக்கான விமானம்

அலாரம் அடித்தது. அணைத்தான். படுக்கையில் தன் பக்கத்து விரிப்பை மட்டும் இழுத்துச் சரிசெய்தான். பல் தேய்த்தான். முகம் கழுவினான். கண்ணாடியைப் பார்க்கவில்லை; சவரம் செய்வதை நிறுத்திய பிறகு அதற்கு அவசியம் வரவில்லை. காபி போட்டு நின்றுகொண்டே குடித்தான். ரொட்டியைச் சுடாமலே தின்றான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு ஜன்னல்கள். சமையலறை, படுக்கையறை, கூடம் என்று ஒவ்வொரு கொக்கியையும் விரலால் அழுத்திப் பார்த்தான். எல்லாம் மூடியிருந்தன. மனைவி இறந்த நாளிலிருந்து எதையும் அவன் திறக்கவில்லை. அவளுடைய தலையணையிலும் துண்டிலும் மிச்சமிருந்த வாசனை இந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தது. அதைத் தெருவோடு பங்குபோட்டுக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு, பையை எடுக்கக் கடைசி அறைக்குப் போனான். விமானங்கள் இருக்கும் அறை.

அலமாரியில் ஒரு பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அதிகமில்லை. இரண்டு விரற்கடை. வேறு யாராவது பார்த்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அவனுக்கு அட்டைப்பெட்டி வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. விளிம்போடு விளிம்பு சேரவில்லை என்றால் பல்லில் மணல் கடிபட்டது போல இருக்கும். அலமாரியில் இருந்தவை எல்லாம் இன்னும் பிரிக்காத போர் விமானக் கிட்டுகள். ஒரு சட்டத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய போர் விமானம் கிடைக்கும். மஸ்டாங், ஜீரோ என்று ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே கோட்டில் அடுக்கியிருந்தான். நீட்டிக்கொண்டிருந்தது அடியில் இருந்த மாஸ்கிட்டோ. அதன் மேல் இருந்த பெட்டிகளில் ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை.

உள்ளே தள்ளினான். வேலைக்குப் போனான்.

*

விமானத்தைக் கட்டுவது அவன். உள்ளே உட்காரும் விமானிக்கு வண்ணம் அடிப்பது அவள். கல்யாணமான புதிதில், பொழுது போகாமல் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்த ஆளுக்கு மூஞ்சியே இல்லையே, பாவம்" என்று இடுக்கியை வாங்கிக்கொண்டாள். நெல்மணியைவிடச் சிறிய முகம். அதில் கண், புருவம், உதடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை முடி போன்ற தூரிகையால் அவள் தொட்டு வைப்பாள். அவனுக்கு அந்தக் கை வராது.

விமானத்தின் உடல் இரண்டு பாதியாக வரும். விமானியை இருக்கையில் ஒட்டிவிட்டுத்தான் பாதிகளைச் சேர்ப்பது வழக்கம். தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூட்டைக் கடைசியில் மூட வேண்டும். மூடிய பிறகு உள்ளே யாருக்கும் வழியில்லை. அதனால் அவள் எப்போதும் அவனை முந்திக்கொள்வாள்.

"என் ஆளுக்கு சீட் ரெடியா?"

"இன்னும் காயல."

"சீக்கிரம் ஆகட்டும். அவர் கிளம்பணுமாம்."

அப்போது அவனும் சிரித்திருக்கிறான்.

ஒருமுறை அவசரத்தில் கண்ணாடிக் கூட்டை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிவிட்டான். காலையில் பார்த்தால் கூடு முழுக்கப் பனி பிடித்தது போல வெள்ளை. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து, விரல் பட்ட இடத்தில்தான் முதலில் படியும். கண்ணாடியின் உள்பக்கத்தில் அவனுடைய கட்டைவிரல் ரேகை, ஒவ்வொரு கோடும் தெளிவாக, வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போலீஸ்ல குடுத்தா உங்களைச் சுலபமா புடிச்சிருவாங்க." அதற்குப் பிறகு கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும்தான். பிடிக்க ஒரு இரவு ஆகும். பரவாயில்லை என்று விட்டான்.

ஒன்று முடிந்ததும் அடுத்தது எது என்பதை அவள்தான் சொல்வாள். அலமாரி முன் இடுப்பில் கைவைத்து நிற்பாள். அவளுடைய விருப்பம் வெகுநாளாக மாஸ்கிட்டோதான்.

"கொசுன்னு பேர் வச்சிருக்கானே, ஏறினா கடிக்குமா?"

"அதுல ரெண்டு எஞ்சின். வேலை ஜாஸ்தி. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"படத்தைப் பாருங்க. ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி உட்கார்ந்திருக்காங்க. மத்ததுல எல்லாம் ஒத்தையாப் போறாரு, பாவம். இதுக்குக் கதவுகூட இருக்கு. கதவைத் திறந்தே வச்சிருங்க, நான் சொல்லிட்டேன்."

திறந்து வைப்பது அவளுக்கு ஒரு நோய் மாதிரி. லிஃப்டில் ஏற மாட்டாள். குளிக்கும்போது தாழ்போட மாட்டாள். அவன் பசை எடுத்தாலே எழுந்து ஜன்னலைத் திறப்பாள். கடைசியில் நுரையீரலில்தான் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், காற்று போதாமல் அங்கேயே முடிந்துபோனாள். அப்போது மேசையில் எதுவும் பாதியில் நிற்கவில்லை. அடுத்தது எது என்று முடிவாகவில்லை.

*

மறுநாள் காலை பெட்டி மறுபடி வெளியே வந்திருந்தது. இம்முறை கை அகலத்துக்கு.

அவனுக்குப் பயம் வரவில்லை. வந்தது என்னவென்று பெயர் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை; சாவுக்குப் பிறகு முதல் முறையாக நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. அவள் வந்திருக்கிறாள். மூடிய ஜன்னல்களுக்குள், அவனோடு இருக்கிறாள். அலமாரி முன் இடுப்பில் கைவைத்து நின்று, அடுத்தது இது என்கிறாள். அவன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். அட்டை இளஞ்சூடாக இருந்தது.

"சரி," என்றான் சத்தமாக. குரல் கரகரத்தது.

சாயங்காலம் பெயிண்ட் வாங்கப் போனான். கடைக்காரருக்கு 'கேப்டன்' என்று பட்டப்பெயர். வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. மாடிப்படியில் நின்று கீழே பார்த்தாலே தலைசுற்றும் மனிதர்.

"வாங்க தம்பி. இவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன போடப் போறீங்க? மஸ்டாங்கா?"

"மாஸ்கிட்டோ."

"அப்பாடா! தங்கச்சி இருந்திருந்தா குதிச்சிருக்கும். கடைசியா வந்தப்ப அதுக்குத்தானே தோல் கலர் வாங்கிட்டுப் போச்சு. ரெண்டு ஷேடு. எதுக்கும்மா ரெண்டுன்னு கேட்டேன். 'எத்தனை நாளைக்கு அவரைத் தனியாவே அனுப்புறது? இந்தத் தடவை நானும் கூடப் போறேன்'னுச்சு."

"யாரை?"

"ஆங்?"

"யாரைத் தனியா அனுப்புறதாம்?"

கேப்டன் சிரித்தார். "அதை என்கிட்ட கேட்டா எப்படி தம்பி? உங்க வீட்டு விவகாரம்."

மீதிச் சில்லறையை வாங்காமல் வெளியே வந்தான். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர். இந்தத் தடவை நானும். ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் பற்றி யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். கேப்டனின் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது உள்ளே ஏதோ ஒன்று, நகம் அளவு கனமுள்ள ஒன்று, தரையில் விழுந்து உருண்டு நின்றது போல இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. பெயிண்ட் தின்னர் வாசனை மட்டும். அவன் தின்னர் பாட்டிலைத் தொட்டுப் பல வாரம் ஆகியிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் வந்தாள். அக்காவின் துணிகளை எடுத்துப் போக. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மாமா இது, ஊறுகாய் ஜாடிக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. ஜன்னலைத் திறங்க முதல்ல."

"வேண்டாம்."

"கொசு வருமா?"

அவன் வாசல் கதவைச் சாத்தினான். அவள் அலமாரியைத் திறந்து துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ஒவ்வொரு துணியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீலச் சேலையைக் கையில் வாங்கித் தனியாக வைத்துக்கொண்டான். கொழுந்தியாள் கட்டிலில் உட்கார்ந்து, ஏற்கனவே பலமுறை கேட்டதை மறுபடி கேட்டாள்.

"அக்கா கடைசியா என்ன மாமா சொன்னா?"

"உன்னைத்தான் கேட்டா."

அவள் அழுதாள். மாமியாரிடம் அவன் வேறொன்று சொல்லியிருந்தான். ஆபீசில் வேறொன்று. யார் கேட்டாலும் அவரவருக்கு வேண்டியதைக் கொடுத்தான். உண்மையில் அவள் சொன்னது ஒரு பெரிய வார்த்தை இல்லை. யாருக்கும் கொடுக்கும்படியானதும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனவள் அங்கிருந்து கூப்பிட்டாள். பூதக்கண்ணாடியை எடுத்து, கட்டி முடித்த விமானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கில்லாடி மாமா இவ! பாருங்களேன், எல்லாத்துலயும் ஒரே ஆளு."

"ஒரே ஆளா?"

"ஒரே மூஞ்சி. அதே இளிப்பு. அப்படியே உரிச்சு வச்சிருக்கா."

"யாரு அது?"

அவள் பூதக்கண்ணாடியை இறக்கினாள். "யாருன்னா?"

"தெரியாமத்தான் கேக்கறேன்."

"சும்மா விளையாடாதீங்க மாமா." சிரித்தாள். பிறகு அவன் தாடியை, கண்ணை, மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. கண் மறுபடி நிறைந்தது. "போங்க மாமா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைத் தூக்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றான். அவளுக்குத் தெரியும். கேப்டனுக்குத் தெரியும். அவன் மேல் பரிதாபப்படும் அளவுக்குத் தெரியும்.

*

மழை பிடித்துக்கொண்டது. மேசை விளக்கின் கீழே விமானங்களை வரிசையாக நிறுத்தி, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் பார்த்தான். அவள் வண்ணம் அடித்ததை அவன் ஒருநாளும் இப்படிக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவன் பார்த்ததெல்லாம் இறக்கையின் சந்து, பெயிண்டின் மழமழப்பு. இப்போது பார்த்தான். ஸ்பிட்ஃபயரில் அந்த ஆள். தண்டர்போல்ட்டில் அவன். ஹரிக்கேனில் அவன். வழுவழுப்பாகச் சவரம் செய்த தாடை. ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறிய உதடு, யாரோ பிடித்தமானவர் எதையோ சொல்லி இப்போதுதான் சிரிக்க வைத்தது போல. தன்னை யாரும் எங்கும் அனுப்பிவிட முடியாது என்ற நிம்மதியில் இருந்த ஒரு ஆண்.

இந்தச் சிரிப்பை அவன் எங்கும் பார்த்ததில்லை. அவளுடைய ஆபீஸில் டீம் லீடர் ஒருவன் உண்டு; அவன் வழுக்கை. காலேஜில் கூடப் படித்தவன் ஒருவன் கல்யாணத்துக்கு வந்தான், அவன் குண்டு. இது வேறு யாரோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை முடித் தூரிகையால், இவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இவன் விளக்கிலேயே, இவன் பெயிண்டிலேயே, ஒவ்வொரு மாதமும் அந்த ஆளின் உதட்டை அவள் தொட்டு வைத்திருக்கிறாள். அவனுக்கு இருக்கை செய்துகொடுத்தது இவன். பெல்ட் போட்டுவிட்டது இவன்.

அவளுடைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பழைய மிட்டாய் டின் இருந்தது. அடுத்த விமானத்துக்கான ஆட்களை அதில்தான் வைப்பாள். திறந்தான். பஞ்சின் மேல் இரண்டு பேர்.

ஒருவன் அந்த ஆள். சிரித்துக்கொண்டு.

இன்னொன்று அவள்.

தலையில் விமானியின் தோல்குல்லாய். மேலுதட்டின் மேல் ஒரு புள்ளி. மச்சம். கிட்டில் வரும் பொம்மைகள் எல்லாம் நேரே பார்க்கும். இதன் கழுத்தைப் பிளேடால் அறுத்து, பக்கவாட்டில் திருப்பி ஒட்டியிருந்தாள். பக்கத்தில் உட்காருபவனைப் பார்க்கும்படி. அறுத்த இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு இருந்தது. அதற்கு மேல் பெயிண்ட் அடிக்க அவளுக்கு நேரம் கிடைத்திருக்காது.

பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனான். அவள் கண்கள் அந்த ஆளின் பக்கம் இருந்தன. இவன் பக்கம் இல்லை. எப்படித் திருப்பினாலும் இவன் பக்கம் இல்லை.

பெட்டி எதற்காக ஒவ்வொரு நாளும் வெளியே வந்தது என்று அவனுக்கு விளங்கியது. ஜன்னல்களை எல்லாம் அடைத்து, அவள் வாசனையைக் காவல் காத்து, பெட்டியைத் தடவிக்கொடுத்து, 'சரி' என்று சொல்லி... வந்தவள் அவனுக்காக வரவில்லை. செத்த பிறகும் அந்த ஆளோடு போக வேண்டும். அதற்கு வண்டி கட்டிக் கொடுக்க ஒரு மெக்கானிக் வேண்டும்.

டின்னை மூடினான். உள்ளே பஞ்சு இருந்தது. ஆனாலும் மூடியபோது ஒரு சத்தம் கேட்டது. டிக்.

*

காலையில் மாஸ்கிட்டோ பெட்டி மேசை மேல் இருந்தது. மூடி கழன்று, அதன் மேலேயே சாய்ந்திருந்தது.

"கட்டறேன்," என்றான் அறையைப் பார்த்து. "நல்லாவே கட்டறேன்."

ஒவ்வொரு சாயங்காலமும் ஆபீஸிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தான். துண்டுகளை வெட்டினான், தேய்த்தான், ஒட்டினான். ஜன்னல்கள் மூடியே இருந்ததால் பசை நெடி சீலிங் வரை ஏறி, திரும்பி இறங்கி, நாக்கில் இனிப்பாகப் படிந்தது. அதற்கு அடியில், துண்டில் மிச்சமிருந்த அவள் சோப்பின் வாசனை ஒருநாள் தலைமாட்டிலும் ஒருநாள் கழுத்துக்குப் பின்னாலும் வந்து நின்றது, முன்பு அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தது போலவே. அவன் திரும்பவில்லை. இறக்கை வந்தது. எஞ்சின் இரண்டும் வந்தன. அவன் எழுந்து காபி போடப் போய்த் திரும்பும்போதெல்லாம் அடுத்து வேண்டிய துண்டு சட்டத்திலிருந்து கழன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அவசரம் அவளுக்கு. மிட்டாய் டின் சில நேரம் டிக் என்றது. சில நேரம் டிக் டிக். வீடு மொத்தமும் எதற்கோ கிளம்பிக்கொண்டிருந்தது.

வலது பக்கத்துச் சிறு கதவு தனித் துண்டாக வந்தது. திறந்தபடியோ மூடியபடியோ ஒட்டலாம் என்று கிட்டில் இருந்த தாளில் படம் போட்டிருந்தது. மூடி ஒட்டினான். சந்தில் புட்டி மாவை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கதவு இருந்த தடமே தெரியாமல் செய்தான். விரலால் தடவினான். வழுவழுவென்று இருந்தது.

கழுத்துக்குப் பின்னால் இருந்த சோப்பு வாசனை நின்றுபோனது.

டின்னைத் திறந்தான். இடுக்கியால் அவளை எடுத்து, கண்ணாடிக் கூடு இன்னும் வராத மேல் திறப்பு வழியாக இறக்கி, வலது இருக்கையில் ஒட்டினான். இடது இருக்கையைக் காலியாக விட்டான். அவள் முகம் அந்தக் காலி இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நன்றாகப் பார்க்கட்டும். அந்த ஆளை டின்னில் போட்டு மூடி, ரப்பர்பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான்.

மிச்சம் இருந்தது கண்ணாடிக் கூடு மட்டும்.

வெள்ளைப் பசையைத் திறந்தான். பிறகு யோசித்தான். அது பிடிக்க ஒரு இரவு ஆகும். ஒரு இரவு முழுக்கக் கூடு சும்மா உட்கார்ந்திருக்கும். யாரும் தூக்கலாம். யாரும் ஏறலாம். இழுப்பறைக்குள் டிக்.

டிக் டிக் டிக்.

சூப்பர் க்ளூவை எடுத்தான். விளிம்பு முழுக்க விட்டான். கூட்டை வைத்து அழுத்தினான். எண்ணிக்கொண்டே அழுத்தினான். கையை எடுத்தபோது அது உடம்போடு உடம்பாகியிருந்தது.

இழுப்பறை அடங்கியது. அறை அடங்கியது. அத்தனை அமைதியை அந்த வீட்டில் அவன் கேட்டதே இல்லை. ஃபோனை எடுத்துக் கொழுந்தியாளுக்கு மெசேஜ் அடித்தான்: *அந்த ஆள் யாருன்னு சொல்லு. எனக்குத் தெரிஞ்சாகணும்.* பதில் வரவில்லை. படுத்தான். தூக்கம் சுழற்றியது. தூக்கத்துக்குள் எங்கோ மழை, பிளாஸ்டிக் மேல் மழை, ரொம்பச் சின்ன மழை, விட்டு விட்டு, பிறகு விடாமல். அவளுடைய தலையணையை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டான்.

*

அலாரம் அடித்தது. அணைத்தான். தலையணையில் வாசனை இல்லை. பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். ஜன்னல்கள் மூடியிருந்தன. வீட்டில் எங்கும் அவள் வாசனை இல்லை. தலையணை உறையைத் திருப்பிப் போட்டு முகர்ந்தான். துண்டை முகர்ந்தான். நீலச் சேலையை முகர்ந்தான். துணி. வெறும் துணி.

ஃபோன் கூவியது. கொழுந்தியாள்.

*நிஜமாவே தெரியலயா மாமா? அன்னைக்கு வீட்டுக்குப் போயும் அதை நினைச்சு அழுதேன். இந்தாங்க. அக்கா எனக்கு அனுப்பினது. 'இந்த மூஞ்சியை விமானத்துல ஏத்தியாச்சு, அவருக்கே தெரியாது'ன்னு.*

கீழே ஒரு படம். மேசை விளக்கு. பாதி கட்டிய ஸ்பிட்ஃபயரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருவன் நிமிர்ந்து பார்க்கிறான், படம் எடுப்பவளை. சவரம் செய்த தாடை. அவள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறிய உதடு. அந்தச் சிரிப்பு. யாரென்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை. சிரிக்கும்போது அவன் கண்ணாடி பார்த்ததில்லை. சட்டைதான் முதலில் அடையாளம் தெரிந்தது. கட்டம் போட்டது. காலர் நைந்தது.

குனிந்து பார்த்தான். அதைத்தான் போட்டிருந்தான்.

ஓடினான்.

கண்ணாடிக் கூடு வெள்ளை. முழு வெள்ளை. உள்ளே எதுவும் தெரியவில்லை. பசையின் ஆவி, என்று சொல்லிக்கொண்டான். ஆவிதான். பூதக்கண்ணாடியை எடுத்தான். மேசையில் முழங்கையை ஊன்றினான்.

வெள்ளை ஒரே சீராக இல்லை. உள்பக்கத்தில் தடங்கள் இருந்தன. அடர்ந்த வெள்ளையாக. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சின்னது. ஒவ்வொன்றிலும் ஐந்து கோடு.

உள்ளங்கைகள்.

கதவு இருந்த பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி. பிறகு கூரையில். பிறகு காலி இருக்கைக்கு மேலே, அந்தப் பக்கக் கண்ணாடி முழுக்க. சில இடங்களில் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன.

பிளேடை எடுத்து விளிம்பில் வைத்தான். இறங்கவில்லை. அழுத்தினான். கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல் ஓடி, உள்நோக்கி, அவள் இருக்கும் பக்கம் திரும்பி நின்றது. இன்னும் அழுத்தினால் உடையும். உடைந்தால் பிளேடு உள்ளே இறங்கும். பிளேடைக் கீழே போட்டான். ஜன்னலைத் திறந்தான். அடுத்த ஜன்னலை. எல்லாவற்றையும். காற்று வந்தது. காகிதங்கள் பறந்தன. விமானம் மேசையில் அப்படியே நின்றது. புட்டி அடைத்த கதவு. தடமே இல்லை. நன்றாகத் தேய்த்திருந்தான்.

இழுப்பறையைத் திறந்தான். ரப்பர்பேண்ட் அப்படியே இருந்தது. அதைக் கழற்றித் திறந்தான். டின்னுக்குள் பஞ்சு மட்டும்; அந்த ஆள் இல்லை.

மெதுவாக, ஆட்காட்டி விரலை வெளியிலிருந்து கண்ணாடியின் மேல் வைத்தான். காலி இருக்கைக்கு மேலே. விரல்நுனி கூட்டின் பாதியை மறைத்தது. குளிர்ந்திருந்தது. விரலை எடுத்தான்.

அந்த இடத்தில், உள்ளே, ஒரு புதிய உள்ளங்கை இருந்தது. ஈரமாக. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல வெளுத்து, கெட்டியானது. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது. முதலாவதைவிட மங்கலாக. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னும் மங்கலாக.

ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அவன் எழுந்தபோது, முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியைக் கையால் விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி, அவள் சொன்னது இவ்வளவுதான்.

"கதவைச் சாத்தாதீங்க. நீங்க வர்றது எனக்குத் தெரியணும்."